இடது பக்க ஜன்னல்

பசுபதி சார் எனக்குத் தர வேண்டியிருந்தது எழுபத்து நான்கு டாலர் ஐம்பது சென்ட். பெரிய தொகை இல்லை. ஃப்ரீமான்ட்டில் நாலு பேர் உள்ள குடும்பம் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபன் சாப்பிட்டாலே அதற்கு மேல் பில் வரும். அந்த டிபனைப் போடுகிறவன் நான் என்பதால் எனக்குத் தெரியும். தொகையை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம், நாளைக்கு யாரும் இதைப் பணத்தாசை என்று எழுதிவிடக் கூடாது என்பதுதான்.

நீங்கள் எனக்குக் காபி கொடுத்து, குஷன் வைத்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள். மரியாதையான போலீஸ். மொழிபெயர்க்க வந்திருக்கும் இளமாறன் தம்பிதான் கொஞ்சம் பதறுகிறார். "அண்ணே, அவர் எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லிடுங்க, மீதிய அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். அவசரம் புரிகிறது. ஆனால் இது சாம்பார் வைப்பது மாதிரி. பருப்பு வேகும் முன்னால் புளியைக் கரைத்து ஊற்றினால் அப்புறம் எத்தனை நேரம் கொதிக்க விட்டாலும் பருப்பு வேகாது. வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் மயில்சாமி. சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். மௌரி அவென்யூவில் பசுபதி சார் நடத்தும் ஓட்டலில் சமையல். இந்த ஊருக்கு என்னைக் கூட்டி வந்தவர் அவர். கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்தவரும் அவர். தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுப்பார். கெட்ட மனுஷன் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஓட்டலில் அடுப்பு சுவரைப் பார்த்து இருக்கிறது. சுவரில் எண்ணெய் படாமலிருக்கத் தகரம் அடித்திருக்கிறார்கள். பதினொரு வருஷமாக நான் அமெரிக்காவில் பார்த்தது பெரும்பாலும் அந்தத் தகரம்தான். குறை சொல்லவில்லை. தினமும் துடைப்பதால் பளிச்சென்று இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் மலை என்பார்கள், கடல் என்பார்கள், பாலம் என்பார்கள். எனக்கு அதில் என் முகம் தெரியும், பின்னால் கேஸ் தீர்ந்து போனால் கத்த வருகிற சாருடைய முகம் தெரியும்.

எனக்கு எழுத்துத் தெரியாமல் இருந்தது. சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகவில்லை, கிணறு வெட்டப் போனேன். ஐம்பத்தொரு வயசில்தான் படித்தேன். சாருடைய வீட்டுக்காரம்மா பர்வதம் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார். நான் சுண்டல் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வெளியே நிற்பேன். "ஏன் மயிலு வெயில்ல நிக்கறே, உள்ள வந்து உக்காரு" என்றார். உட்கார இடம் முதல் நிலை வகுப்பில்தான் இருந்தது. எல்லாம் ஆறு வயசுப் பிள்ளைகள். முழங்கால் மேஜைக்குக் கீழே போகாது. பக்கத்தில் இருந்த பெண் குழந்தை, "அங்கிள், யூ ஆர் ஹோல்டிங் தி பென்சில் ராங்" என்று கையைத் திருத்தியது. அந்தக் குழந்தை இரண்டாம் நிலைக்குப் போனது. நானும் போனேன்.

படித்ததால்தான் இது நடந்தது என்று பர்வதம் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். வருத்தப்படுவார்.

நான் முதல் முதலாக, யாரும் உதவி செய்யாமல், முழுசாக வாசித்தது பசுபதி சார் ஒட்டிய ஒரு அறிவிப்பை. அவர் வருஷா வருஷம் நம் ஆட்களைத் திரட்டி எங்காவது சுற்றுலா கூட்டிப் போவார். போன வருஷம் அலாஸ்கா. சான்ஃபிரான்சிஸ்கோவில் கப்பல் ஏறி, வடக்கே போய், மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் இறங்கி, அங்கிருந்து கனடா எல்லை வரை மலை ஏறும் பழைய ரயிலில் போய்த் திரும்புவது. கப்பலில் வருகிறவர்கள் வேடிக்கை பார்ப்பதற்கென்றே அந்த ரயிலை ஓட்டுகிறார்கள். அறிவிப்பை ஓட்டல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். மாவு எடுக்கப் போனவன் நின்று வாசித்தேன். அதில் கடைசியில் இப்படி இருந்தது: "ரயிலில் இடது பக்கம் உட்கார்ந்தால் மட்டுமே பள்ளத்தாக்கு, அருவி, பனியாறு எல்லாம் தெரியும். வலது பக்கம் வெறும் பாறை."

எழுத்துத் தெரியாமலே இருந்திருந்தால், வலது பக்கம் உட்கார்ந்து, பாறையைப் பார்த்து, அலாஸ்கா என்றால் இதுதான் போலிருக்கிறது என்று திரும்பி வந்து ரவை வறுத்திருப்பேன். வாசித்ததால் ஆசை வந்தது. ஒரே ஒரு தடவை, முன்னால் சுவர் இல்லாமல் ஒன்றைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சாரிடம் கேட்டேன். அவருக்கும் நான் தேவைப்பட்டேன். கப்பலில் நாள் முழுக்கச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் ரசம் கிடைக்காது. நாற்பத்தொரு பேர் பத்து நாள் ரசம் இல்லாமல் இருந்தால் அது சுற்றுலா இல்லை, ஆஸ்பத்திரி என்பார் சார். கப்பல் அறையில் சமைக்கக் கூடாது என்று சட்டம். அதனால் ரைஸ் குக்கரைப் பெட்டியில் மறைத்துக் கொண்டு போனோம். சோதனையில் பிடித்துவிட்டார்கள். இது என்ன என்று கேட்டார்கள். பர்வதம் அம்மா கொஞ்சம்கூட யோசிக்காமல், வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறல், ராத்திரியில் ஆவி பிடிக்கும் மெஷின் என்றார். சார் உடனே இரண்டு இருமல் இருமினார். அந்த மெஷினில்தான் பத்து நாளும் பொங்கலும் ரசமும் வைத்தேன்.

கப்பல் செலவு சாருடையது. ரயில் டிக்கெட் நூற்று நாற்பத்தொன்பது டாலர். அதை என் சம்பளத்தில் பிடித்துக் கொண்டார்.

"கப்பல் என் தேவை மயிலு. ட்ரெயின் உன் ஆசை. ஆசைக்கெல்லாம் நான் காசு குடுத்தா நான் என்ன தர்ம சத்திரமா?" என்றார்.

நியாயம்தான். நான் மறுத்துப் பேசவில்லை.

ரயில் ஏறுகிற அன்றைக்குக் காலையில் வெண்பொங்கல் போட்டேன். ரயிலடியில் ஒரு பெட்டியை எங்களுக்கும் இன்னும் சில வெள்ளைக்கார வயசானவர்களுக்கும் ஒதுக்கியிருந்தார்கள். பெட்டிதான் ஒதுக்கினது, சீட்டு அவரவர் பிடித்துக் கொள்ள வேண்டும். இதற்கென்றே சார் ஈரோட்டிலிருந்து துண்டுகள் வரவழைத்திருந்தார். பையைத் தூக்கி என் தோளில் மாட்டினார்.

"யோவ் மயிலு, கதவு தொறந்ததும் ஓடு. லெஃப்ட் சைடு ஃபுல்லா துண்டப் போட்டுடு. ஒரு சீட்டு விடாத."

"எனக்குங்க சார்?"

"உனக்கு ரைட்டு சைடுய்யா. நீ பாதி நேரம் புளியோதரை பரிமாறிட்டு நிப்ப, உனக்கு எதுக்கு இப்ப வியூ? போறப்ப நாங்க, வர்றப்ப நீ. மேல போனதும் அந்த கைடம்மாவே எல்லாரையும் எதிர்ச் சீட்டுக்கு மாறி உக்காரச் சொல்லும். அதான் ரூல்."

இதை அவர் சொன்னார். பக்கத்தில் ஜெயபிரகாஷ் சார் நின்றிருந்தார். அவர் டெஸ்லாவில் வேலை பார்க்கிறவர், பொய் சொல்ல மாட்டார், கேட்டுப் பாருங்கள்.

ஓடினேன். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாக எறிய வேண்டும். இங்கே படியேறிப் போய் நிதானமாக மடித்துப் போட முடிந்தது. இடது பக்கம் முழுவதும் துண்டு. வெள்ளைக்காரர்கள் ஏறி வந்து பார்த்துத் திகைத்து நின்றார்கள். ஒரு வயசான அம்மா, இது என்ன என்று ஜெயபிரகாஷ் சாரிடம் கேட்டார்.

"இட்ஸ் எ ட்ரெடிஷன், மேம்" என்றார் அவர்.

"ரிலிஜியஸ்?"

அவர் ஒரு நொடி யோசித்தார். "யெஸ்."

அந்த அம்மா உடனே துண்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வலது பக்கம் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ரயில் கிளம்பியது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாறை. கறுப்புப் பாறை. இடையிடையே தண்ணீர் கசிந்து ஈரம். கை நீட்டினால் தொடலாம் போல அவ்வளவு கிட்டத்தில், நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. என் தகரமே பரவாயில்லை, அதில் முகமாவது தெரியும். அந்தப் பக்கத்தில் இருந்து சத்தம் மட்டும் வந்தது. "ஐயோ எவ்ளோ ஆழம்டா", "ஏய், ஃபால்ஸ் ஃபால்ஸ், வீடியோ எடு" என்று. திரும்பினால் குரங்குக் குல்லாய்கள்தான் தெரிந்தன. குளிர் என்று எல்லோரும் கண் மட்டும் தெரிகிற மாதிரி குரங்குக் குல்லாய் போட்டிருந்தார்கள், நான் உள்பட. ஒரு தடவை என் பக்கத்துக் கண்ணாடியில் எதிர் ஜன்னலின் பிம்பம் விழுந்தது. வெள்ளையாக ஒன்று நீளமாக இறங்கியது. அது அருவியா, ஜெயபிரகாஷ் சாருடைய சட்டையா என்று சொல்ல முடியவில்லை. பக்கத்து அம்மா பாறையைப் படம் எடுத்துக்கொண்டே வந்தார். "பியூட்டிஃபுல் ராக்" என்று என்னிடம் காட்டினார். நல்ல மனுஷி. அவருக்கும் ஒரு பாதி டிக்கெட் பாக்கி இருக்கிறது, அதை யார் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை.

பசுபதி சார் எனக்கு நேர் எதிரே இடது பக்க ஜன்னலில். ரயில் ஊரைத் தாண்டும் முன்பே தூங்கிவிட்டார். வெண்பொங்கல் அப்படித்தான் செய்யும். நெய் கொஞ்சம் தாராளமாக விட்டிருந்தேன். காலை எதிர் சீட்டில் நீட்டி, குல்லாயைக் கண்ணுக்கு மேல் இழுத்து, அதற்கு மேல் துண்டையும் போட்டுக்கொண்டு தூங்கினார். அந்த ஜன்னலில் மலை முழுசாக ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அங்கே ஒருத்தரும் இல்லை.

உச்சியில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டினார்கள். கைடு பெண் மைக்கில், இப்போது எல்லோரும் எதிர்ப் பக்கம் மாறி உட்காருங்கள், அடுத்தவர்களும் பார்க்கட்டும் என்று சொன்னது. வலது பக்கத்து ஆட்கள் எழுந்து நின்றார்கள். இடது பக்கத்தில் ஒருத்தரும் அசையவில்லை. ஜெயபிரகாஷ் சார் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, துண்டை எடுத்தால் தோஷம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டது. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

நான் சாரிடம் போனேன்.

"சார். வர்றப்ப நானுன்னு சொன்னீங்கங்க."

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "என்னய்யா?"

"ஜன்னலுங்க சார்."

"காலு மரத்துப் போச்சு மயிலு. இப்ப எழுந்தா தூக்கம் கலைஞ்சிடும். யூட்யூப்ல போட்டிருக்கான், ரூமுக்குப் போய் காட்றேன்."

"அப்ப பாதிக் காசு குடுத்துருங்க சார். நூத்தி நாப்பத்தொம்போதுல பாதி. நான் ரெண்டு வழிக்கும் பாறையத்தான் பாக்கறேன்."

அவர் சிரித்தார். பக்கத்து வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "இவன் வியூவுக்கு பில்லு போடறான் பாருங்கய்யா. ஏன்டா, நீ ட்ரெயின்ல வந்தியா இல்லையா? வந்த இல்ல? சீட்டுல தானே உக்காந்த? ட்ரெயின் ஒண்ணுதானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "சரி சரி, எழுபத்து நாலரை டாலர், என் கணக்குல எழுதிக்க. தர்றேன் போ" என்று மறுபடியும் துண்டைப் போட்டுக்கொண்டார்.

கவனியுங்கள். தர்றேன் என்று அவர் வாயால் சொன்னார். அந்த நிமிஷத்தில் இருந்துதான் அது கடன்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் நான் எதையும் செய்வதில்லை. கோபத்தோடு தாளித்தால் கடுகு கருகிவிடும். நான் யோசித்தது ஒன்றுதான். ஊரில் கடன் கொடுத்தால் ஏதாவது ஒன்றை அடகாக வாங்கி வைப்பார்கள். நகை, அண்டா, ஒன்றும் இல்லையென்றால் சைக்கிள். கொடுக்கிறவனுக்கும் நிம்மதி, வாங்கினவனுக்கும் ஞாபகம் இருக்கும். சாரிடம் அடகு கேட்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. அவர் மோதிரம், வாட்ச் எல்லாம் விலை அதிகம், எழுபத்து நான்கு டாலருக்கு அதை எடுப்பது அநியாயம்.

இறங்கும் வழியில் ஒரு இடத்தில் ரயில் நின்றது. ஸ்டேஷன் இல்லை. பக்கத்துத் தண்டவாளத்தில், சக்கரத்தோடு ஒரு பழைய சிவப்புப் பெட்டி நிறுத்தியிருந்தது. கோடையில் மலையேற வருகிறவர்கள் அதில் தங்குவார்களாம். உள்ளே படுக்கை இருக்கிறது, கரி அடுப்பு இருக்கிறது, விறகு அடுக்கி வைத்திருக்கிறது. கைடு பெண் சொன்னது எனக்குப் பாதி புரிந்தது, மீதியை ஜெயபிரகாஷ் சார் அவர் வீட்டம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: இது இந்த வருஷத்தின் கடைசி ரயிலாம், இனிமேல் பனிக்காலம், அடுத்த ரயில் மே மாதம்தானாம், ஆள் இறங்கிப் பெட்டியை மூடிவிட்டு வரப் பத்து நிமிஷம் நிற்குமாம், விருப்பப்பட்டவர்கள் இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளலாமாம்.

நான் இறங்கினேன். சிவப்புப் பெட்டிக்குள் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. என் தோளில் ஒரு துண்டு பாக்கி இருந்தது, என்னுடையது, பச்சைக் கரை. அதை ஒரு ஜன்னலோரம் பெஞ்சில் மடித்துப் போட்டேன். திரும்பி வந்து சாரை எழுப்பினேன்.

"சார், பின்னாடி தனியா ஒரு பெட்டி கோக்கறாங்க. ரெண்டு பக்கமும் ஜன்னலு. ஒருத்தருமில்லீங்க. உங்களுக்குத் துண்டு போட்டாச்சுங்க."

வேறு எது சொன்னாலும் அவர் எழுந்திருக்க மாட்டார். துண்டு போட்டாச்சு என்றால் எழுந்துவிடுவார். அவருடைய அப்பா அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. கண்ணை முழுசாகத் திறக்காமலே என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். படியேறி, துண்டைத் தடவிப் பார்த்து, அதன் மேல் உட்கார்ந்தார். படுத்தார்.

"ஏன்யா, இங்கயும் பாறைதான் தெரியுது?"

"வண்டி கெளம்புனா மாறுமுங்க சார்."

"ம். ஃபோன நீயே வெச்சிக்க, நல்ல வியூ வந்தா எடு. ஊரு வந்ததும் எழுப்பிவிடு."

"சரிங்க சார்."

மீதிப் பொங்கலைத் தூக்குச் சட்டியோடு அவர் தலைமாட்டில் வைத்தேன். எலுமிச்சை ஊறுகாயும் வைத்தேன். பட்டினி போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அது எப்படியோ என் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. சமையல்காரன் கை, தீப்பெட்டியைக் கண்டால் எடுத்துப் போட்டுக்கொள்ளும். கப்பலுக்குப் போன பிறகுதான் பார்த்தேன்.

ரயில் கிளம்பியது. நான் சாருடைய சீட்டில், இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தேன். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக என் முன்னால் சுவர் இல்லை. உட்கார்ந்து குல்லாயைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

மூடுபனி இறங்கிவிட்டது. வெள்ளை வேட்டியை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டின மாதிரி. ஊர் வரும் வரை விலகவில்லை. எதிர்ப் பக்கம் பாறையாவது தெரிந்தது. பக்கத்து அம்மா என்னைப் பார்த்து, "ஐயாம் ஸோ சாரி" என்றார். அதனால்தான் சொல்கிறேன், கடனில் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. பார்த்திருந்தால் குறைத்திருப்பேன். பார்த்துவிட்டு முழுசாகக் கேட்கிறவன் நான் இல்லை.

பெண்கள் எல்லாம் முன் வரிசையில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். பர்வதம் அம்மா திரும்பி, "அவர் எங்க மயிலு?" என்றார்.

"தூங்கறாருங்கம்மா."

"விடு, எழுப்பாத. எழுப்பினா கைடுகிட்ட டிஸ்கவுண்ட் கேப்பார்."

நான் பொய் சொல்லவில்லை. அப்போது அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

கப்பலில் ஏறும்போது ஆளுக்கொரு கார்டைத் தேய்க்க வேண்டும். திரையில் படம் வரும், காவலாளிப் பையன் முகத்தோடு ஒத்துப் பார்ப்பான். நம் ஆட்கள் தொலைத்துவிடுவார்கள் என்று சார் எல்லாருடைய கார்டையும் வாங்கி ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்திருந்தார். மழை. காவலாளி முதல் பத்துப் பேரைக் குல்லாயைக் கழற்றச் சொன்னான். பர்வதம் அம்மா, பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் நீ வந்து பார்ப்பாயா என்று சண்டைக்குப் போனார். அதற்கப்புறம் அவன் திரையையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு கார்டாகத் தேய்த்தேன். சாருடைய கார்டும் கையில் இருந்தது. அதைத் தேய்க்காவிட்டால் ஆள் குறைகிறது என்று எல்லோரையும் மழையில் நிறுத்தி வைப்பார்கள். எனக்கு ராத்திரி ரசம் வைக்கிற வேலை இருந்தது. தேய்த்துவிட்டேன்.

இதனால்தான் நீங்கள் கடலில் தேடினீர்கள். கப்பலில் ஏறினவர் கப்பலில் இல்லை என்றால் கடலில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தது உங்கள் தப்பில்லை. ஹெலிகாப்டர் எல்லாம் விட்டீர்களாம். கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. எவ்வளவு செலவு.

பர்வதம் அம்மா பயப்படவில்லை. அன்றைக்கு ராத்திரி, சார் கஸ்டமர் சர்வீஸ் கவுண்டரில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார் என்று தூங்கிவிட்டார். ஒரு தடவை லாஸ் வேகாஸில் ஓட்டல்காரன் கூடுதலாகப் பிடித்த காசுக்காக மூன்று நாள் தனியாகத் தங்கி வாங்கிக்கொண்டு வந்தவர் சார். ஃபோன் என்னிடம் இருந்தது, மறுநாள் அம்மாவிடம் கொடுத்தேன். "ஃபோன்கூட இல்லாம எவன்கூட மல்லுக்கு நிக்கறாரோ" என்றார். காணோம் என்று எழுதிக் கொடுத்த பிறகும், நீங்கள் கடலில் தேடின பிறகும், அம்மா அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "ரீஃபண்ட் வாங்காம வர மாட்டார்." சொல்லச் சொல்லக் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கவில்லை. நான் சுண்டல் கொண்டு போய்விட்டுத் திரும்பக் கொண்டு வந்தேன்.

நான் ஓட்டலைப் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள்கூட மூடவில்லை. கல்லாவில் இருந்து என் பாக்கியை எடுத்துக்கொண்டிருக்கலாம், எடுக்கவில்லை. அவர் கொடுக்க வேண்டியதை அவர் கொடுத்தால்தான் கணக்கு. குளிர்காலம் வந்தது. டிவியில் அலாஸ்காவில் பனி விழுகிறது என்று காட்டினால் சேனலை மாற்ற மாட்டேன், உட்கார்ந்து பார்ப்பேன். டிவியில் நன்றாகத் தெரிகிறது.

இப்போது ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். போன வாரம் போகி. பர்வதம் அம்மா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். உடம்பு பாதியாகிவிட்டது.

"மயிலு, வர்ற வருஷமாவது நல்லபடியா இருக்கணும். அவர் யாருக்காவது ஏதாவது பாக்கி வெச்சிருந்தா தீத்துடலாம்னு பாக்கறேன். உனக்கு ஏதாவது உண்டா?"

"எழுபத்து நாலரை டாலருங்கம்மா."

எதற்கு என்று கேட்கவில்லை. உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்து, வெற்றிலை பாக்கு மேல் வைத்துக் கொடுத்தார். ஐம்பது சென்ட் சில்லறை உட்பட. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினேன். அழுதுவிட்டேன். அவரும் அழுதார். அவர் எதற்கு அழுதார் என்று அவருக்குத் தெரியும். நான் எதற்கு அழுதேன் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பதினொரு வருஷத்தில் அந்த வீட்டில் எனக்கு ஒருத்தர் கணக்குப் பார்த்து முழுசாகக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

கடன் தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிறகு அடகை வைத்திருப்பது அயோக்கியத்தனம். பண்டிகை நாலு நாளும் ஓட்டலில் கூட்டம், அசைய முடியவில்லை. அது முடிந்ததும் வந்துவிட்டேன்.

இளமாறன் தம்பி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார். உங்களுக்கு இன்னும் அவர் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லுங்கள் தம்பி.

ஒன்றை விட்டுவிட்டேன். சிவப்புப் பெட்டியை நான் பூட்டவில்லை. ரயில்வே ஆள் ஒருத்தன், தாடி வைத்த பையன், பலகையும் சுத்தியலும் பூட்டும் எடுத்துக்கொண்டு வந்தான். ஜன்னல்களுக்கு வெளியில் இருந்து பலகை அடித்தான். சார் தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். பூட்டுவதற்கு முன்னால், படியில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "எனிபடி இன் தேர்?" என்று கேட்டான். எனக்கு ஆங்கிலம் குறைவு. அந்த ஒரு கேள்வி மட்டும் தெளிவாகப் புரிந்தது.

"நோபடி" என்றேன்.

அவன் தேங்க் யூ சொன்னான். நானும் சொன்னேன். இதில் நான் செய்தது அந்த ஒரு வார்த்தைதான். மற்றதெல்லாம் அவரவர் வேலையை அவரவர் செய்தது.

பனி எத்தனை அடி உயரம் இருந்தாலும் கவலைப்படாதீர்கள். குளிரில் எதுவும் கெட்டுப் போகாது, சமையல்காரன் சொல்கிறேன். பணம் முழுசாக வந்து சேர்ந்தது, வட்டி நான் வாங்கவில்லை. எங்களுக்குள் இனி ஒரு பாக்கியும் கிடையாது. ஊர் வந்ததும் எழுப்பிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன், அது மட்டும் என் பேரில் நிற்கிறது. போகிறவர்களிடம் சொல்லி அனுப்புங்கள், மெதுவாக எழுப்பச் சொல்லுங்கள். பாதித் தூக்கத்தில் எழுப்பினால் சாருக்குப் பிடிக்காது.